தளத்தை முடக்கினால் குற்றம் நிற்குமா?

கேள்வி இதுதான். குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள், பண மோசடி, தீவிரவாதப் பிரசாரம் எல்லாவற்றையும் அரசே இணையத்தின் வாசலில் நிறுத்திவிட்டால் குற்றம் குறையும்தானே? தப்பு செய்யாதவனுக்கு இதில் என்ன நஷ்டம்? மனித உரிமை பேசுபவர்கள் இதற்குப் போய் ஏன் இவ்வளவு குதிக்கிறார்கள்?

நான் சில வருஷம் ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் இருந்தவன். இன்னின்ன தளங்களை முடக்கு என்று வரும் பட்டியலை வாங்கிக் கருவியில் ஏற்றும் வேலை என் மேசைக்கும் வந்திருக்கிறது. அதனால் தத்துவத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அந்த மேசையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பட்டியல் எப்படி வரும் தெரியுமா? ஏதோ ரகசியக் கணினியிலிருந்து நேராக இறங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வந்தது ஸ்கேன் செய்த ஒரு கடிதம். யாரோ அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மறுபடி ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பியது, பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அதிலிருந்து காப்பி பேஸ்ட் செய்ய முடியாது, பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டும். இது ஆங்கில எல் எழுத்தா ஒன்று என்ற எண்ணா, ஓவா சைபரா என்று திரையைப் பெரிதாக்கி இரண்டு பேர் உட்கார்ந்து பார்ப்போம். சில வரிகளில் முழு முகவரி இருக்கும், சில வரிகளில் தளத்தின் பெயர் மட்டும் இருக்கும், ஓரிரண்டு முகவரிகள் வரி மடங்கி நடுவில் ஓர் இடைவெளியோடு கிடக்கும். கடைசியில் "உடனடியாக" என்ற சொல்லுக்கு அடிக்கோடு. எதற்காக முடக்குகிறோம் என்பது மட்டும் எங்கும் இருக்காது. கேட்கும் இடத்தில் நாங்களும் இல்லை.

சரி, ஏற்றுவது எப்படி? சுலபமான வழி டிஎன்எஸ். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண்ணைச் சொல்லும் விலாசப் புத்தகம் அது. எங்கள் டிஎன்எஸ் சர்வரில் அந்தப் பெயருக்குப் பொய்யான பதிலைச் சொல்ல வைத்தால் முடிந்தது கதை, ஐந்து நிமிட வேலை. ஆனால் போனில் வேறொரு டிஎன்எஸ் எண்ணைப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர் அதை அரை நிமிடத்தில் தாண்டிவிடுவார். 2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரை இப்படி முடக்கியபோது, கூகுளின் டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8 என்பதை இஸ்தான்புல் சுவர்களில் ஸ்பிரே பெயின்டால் எழுதி வைத்தார்கள் மக்கள். அரசுத் தரப்பு சும்மா இருக்குமா? அதே மாதக் கடைசியில் அந்த எண்ணுக்குப் போகும் போக்குவரத்தையே மடக்கி, கூகுள் சர்வர் போல் நடிக்கும் ஒன்றுக்குத் திருப்பிவிட்டது அங்கிருந்த தொலைத்தொடர்பு நிறுவனம். ஒரு தடையைக் காப்பாற்ற ஒரு ஏமாற்று வேலை.

இரண்டாவது வழி ஐபி முகவரியையே, அதாவது தளம் இருக்கும் அந்த எண்ணையே, அடைப்பது. இங்கேதான் பெரிய பெரிய விபத்துகள் நடக்கின்றன. ஒரே ஐபி முகவரியில் ஆயிரம் தளங்கள் குடியிருக்கலாம், ஒரே கதவு எண் போட்ட பெரிய காம்பவுண்டு மாதிரி. ஒரு குடித்தனக்காரர் மேல் புகார் என்று காம்பவுண்டு கேட்டையே பூட்டினால் மற்றவர்கள் கதி என்ன?

மூன்றாவது, போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் (தகவல் இணையத்தில் இப்படிச் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும்) பிரித்துப் பார்ப்பது. டீப் பாக்கெட் இன்ஸ்பெக்ஷன் என்பார்கள். கருவிக்கு விலை அதிகம். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டுப் போட்ட இணைப்பில் ஓடுகின்றன. அதில் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது வழக்கமாக வெளியே தெரியும், அந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பது தெரியாது. ஆக, "அந்த ஒரு வீடியோவை மட்டும் முடக்கு" என்று உத்தரவு வந்தால் சேவை நிறுவனத்தால் அது முடியவே முடியாது. மொத்தத் தளத்தையும் முடக்க வேண்டும், இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும். உத்தரவு போடுபவர்களில் பலருக்கு இந்த அடிப்படை விஷயம் தெரிவதில்லை. நான் குற்றமாகச் சொல்லவில்லை, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

இதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் கேள்வியில் இருக்கும் மோசடித் தடுப்புக்கே நேரடி உதாரணம். 2013 ஏப்ரலில் அந்த நாட்டின் நிதித்துறைக் கண்காணிப்பு ஆணையமான ஏசிக், ஒரு முதலீட்டு மோசடித் தளத்தை முடக்க ஐபி முகவரியைக் கொடுத்தது. நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த முகவரியில் இருந்த 1,200க்கு மேற்பட்ட தளங்கள் மொத்தமாகக் காணாமல் போயின. மெல்போர்ன் ஃப்ரீ யுனிவர்சிட்டி என்ற கல்வி அமைப்பின் தளமும் அதில் ஒன்று. தங்கள் தளம் ஏன் போனது என்று அவர்கள் கேட்டுத் திரிந்தபிறகுதான் விஷயமே வெளியில் வந்தது. தோண்டிப் பார்த்தால் அதே ஆணையத்தின் இன்னொரு உத்தரவில் சுமார் 2.5 லட்சம் தளங்கள் அடைபட்டிருந்தன, அவற்றில் பெரும்பாலானவை உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுத் தளங்கள் என்பது அதிர்ஷ்டம். அப்புறம் நாடாளுமன்ற விசாரணையில் ஆணையமே ஒப்புக்கொண்டது: ஒரே ஐபி முகவரியில் பல தளங்கள் இருக்கும் என்பது உத்தரவு கேட்ட அலுவலர்களுக்குத் தெரியாதாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முடக்கம் வேலை செய்யுமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. அந்தத் தளத்துக்குப் போகிறவர் யார் என்று கேட்டால் கிடைக்கும். போலி வங்கித் தளத்துக்குப் போகிறவர் ஏமாந்து போகிறார். அவருக்கு அங்கே போக ஆசையில்லை, யாராவது தடுத்தால் நன்றி சொல்வார், சுற்றுவழி தேட மாட்டார். அங்கே ஒரு எளிய தடுப்பே உண்மையில் பலருடைய பணத்தைக் காப்பாற்றும். குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களைத் தேடிப் போகிறவர் கதை வேறு. அவர் போக விரும்பியே போகிறார். எங்கே போகிறோம் என்பதை மறைக்கும் விபிஎன் அவருக்குத் தெரியும், ஆளையும் தளம் இருக்கும் இடத்தையும் மறைக்கும் டோர் வலை தெரியும், பலருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். அதே தடுப்பு அவருக்கு ஒரு வேகத்தடை, அவ்வளவுதான். வடிகட்டி, போக விரும்பாதவரைக் காப்பாற்றும், போக விரும்புகிறவரைத் தொடாது. குற்றவாளிகள் யாரென்று பார்த்தால் இரண்டாவது வகையில்தான் இருக்கிறார்கள்.

இதை நான் சொந்தமாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்ல வேண்டாம். பிரிட்டனில் இப்படிப்பட்ட படங்கள் இருக்கும் தளங்களின் முடக்கப் பட்டியலைத் தயாரிக்கும் இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பே, இது தற்செயலாகப் போய் மாட்டிக்கொள்பவர்களைத் தடுப்பதற்குத்தான் என்று சொல்லி வந்திருக்கிறது. நேர்மையான பேச்சு. ஆனால் மேடையில் அமைச்சர் பேசும்போது "குற்றத்தை ஒழிக்கிறோம்" என்றாகிவிடும்.

ஒழிப்பது எப்படி என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. வெல்கம் டு வீடியோ என்று டோரில் ஒரு தளம் இருந்தது, தென் கொரியாவிலிருந்து ஓடியது, பிட்காயினில் பணம் வாங்கிக் குழந்தைகளின் வீடியோக்களை விற்றது. டோரில் இருப்பதால் எந்த நாட்டு வடிகட்டியும் அதைத் தொட்டிருக்காது. விசாரணை அதிகாரிகள் செய்தது என்ன தெரியுமா, அந்தப் பக்கத்தில் வலது கிளிக் செய்து மூல நிரலைப் பார்த்தார்கள். நடத்தியவனின் அலட்சியத்தால் சர்வரின் உண்மையான ஐபி முகவரி அதிலேயே கிடந்தது. பிட்காயின் பரிமாற்றங்களைப் பின்தொடர்ந்து பணம் கட்டியவர்களையும் பிடித்தார்கள். 2018 மார்ச்சில் சர்வர் கைப்பற்றப்பட்டது. 2019 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை அறிவித்த கணக்குப்படி பல நாடுகளில் 337 பேர் கைது, குறைந்தது 23 குழந்தைகள் மீட்பு. அந்த 23 பேரும், அந்தத் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் கையிலேயே அப்போதும் சிக்கியிருந்த குழந்தைகள். எந்தப் பட்டியலும் ஒரு குழந்தையை ஓர் அறையிலிருந்து வெளியே கொண்டுவராது. போலீஸ் கதவைத் தட்ட வேண்டும்.

ஜெர்மனியில் இந்த வாதம் தெருவுக்கே வந்தது. 2009இல் அப்போதைய குடும்ப நல அமைச்சர் உர்சுலா ஃபொன் டெர் லையன் (இன்று ஐரோப்பிய ஆணையத் தலைவராக இருப்பவரேதான்) இப்படிப்பட்ட தளங்களை முடக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். எதிர்த்தவர்கள் "அடைக்காதே, அழி" என்ற பொருளில் ஒரு முழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் 1,34,000க்கு மேற்பட்ட கையெழுத்து. எனக்குப் பிடித்தது அவர்கள் செய்து காட்டிய ஒரு சோதனை. பல நாடுகளிலிருந்து கசிந்திருந்த முடக்கப் பட்டியல்களை எடுத்து, அந்தத் தளங்களை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்களுக்கு வெறும் மின்னஞ்சல் அனுப்பினார்கள். 12 மணி நேரத்தில் சுமார் 60 தளங்கள் உலகத்திலிருந்தே அழிந்தன. ஒரு நாட்டின் கண்ணை மட்டும் மறைக்கும் திரைக்குப் பின்னால் அதே தளங்கள் அதுவரை சௌக்கியமாக ஓடிக்கொண்டிருந்தன. பல இடங்களில் பட்டியலில் இருந்த தளத்தில் சட்டவிரோதமாக எதுவுமே இல்லை என்றும் பதில் வந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2011இல் ரத்தானது.

கேம்பிரிட்ஜில் டைலர் மூர், ரிச்சர்ட் கிளேட்டன் என்ற இருவர் 2008இல் இதை அளந்தே பார்த்தார்கள். போலி வங்கித் தளங்கள் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அகற்றப்பட்டன. குழந்தைகள் மீதான வன்கொடுமைப் படங்கள் இருந்த தளங்களோ வாரக்கணக்கில் நின்றன. காரணத்தைக் கேட்டால் வயிறு எரியும். வங்கி தன் காசைக் காப்பாற்ற எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும் நேராக எழுதும், போன் செய்யும், நச்சரிக்கும். குழந்தைகள் விஷயத்தில் ஒரு நாட்டுக்காரர் தன் நாட்டுப் போலீஸிடம் சொல்வார், அது அடுத்த நாட்டுப் போலீஸுக்குப் போகும், அங்கே கோப்பாகி உட்காரும். உள்ளூரில் முடக்கியாகிவிட்டது என்றால் அந்த அவசரமும் போய்விடும். முடக்கத்தில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தமே இதுதான், வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதியைக் கொடுத்துவிடுகிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, தப்பு செய்யாதவனுக்கு என்ன நஷ்டம்?

2011 பிப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகள் சில டொமைன்களை, அதாவது தளப் பெயர்களை, கைப்பற்றியபோது, பலர் பகிர்ந்துகொள்ளும் மூ டாட் காம் (mooo.com) என்ற டொமைனும் தவறுதலாக அதில் சேர்ந்துவிட்டது. அதன் கீழே சாதாரண மனிதர்களின் சொந்தப் பக்கங்கள், சிறு வியாபாரங்கள் என்று சுமார் 84,000 துணைத் தளங்கள் இருந்தன. காணாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவை ஒவ்வொன்றிலும், குழந்தை ஆபாசக் குற்றம் தொடர்பாக இந்த டொமைன் கைப்பற்றப்பட்டது என்ற அரசாங்க அறிவிப்பு தொங்கியது. உங்கள் கடைப் பலகையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் அப்படி ஒரு பலகையை மாட்டினால் அக்கம்பக்கத்தில் எப்படி முகம் காட்டுவீர்கள்? டென்மார்க்கில் 2012 மார்ச் 1 அன்று போலீஸ் ஊழியர் ஒருவர் தவறான பட்டியலைத் தவறான இடத்தில் போட்டுவிட்டார். சுமார் 8,000 தளங்கள் குழந்தை ஆபாசத் தளங்கள் என்று சில மணி நேரம் முடங்கின, கூகுளும் ஃபேஸ்புக்கும் உட்பட. கூகுள் என்பதால் சில மணி நேரத்தில் சரியானது. ஒரு சின்னத் தளம் என்றால்?

பாகிஸ்தான் கதை இன்னும் ஒரு படி மேலே. 2008 பிப்ரவரி 24 அன்று உள்நாட்டில் யூடியூபை அடைக்க அங்கத்திய தொலைத்தொடர்பு நிறுவனம் ரவுட்டர்களில் ஒரு பொய்வழியைப் போட்டது. அந்த வழி எல்லை தாண்டிக் கசிந்து, யூடியூபுக்குப் போக வேண்டிய உலகப் போக்குவரத்தெல்லாம் பாகிஸ்தானை நோக்கி ஓட, இரண்டு மணி நேரத்துக்கு உலகின் பெரும்பகுதிக்கு யூடியூபே இல்லை. ரவுட்டரில் கை வைக்கும் ஆட்களுக்கு இன்றும் இது பயமுறுத்தும் பாடம்.

இதெல்லாம் கைப்பிழை, கவனமாக இருந்தால் சரியாகிவிடும் என்று நீங்கள் சொல்லலாம். பாதி உண்மை. கைப்பிழையைவிட மோசமானது, பட்டியல் வளர்வது. 2004இல் பிரிட்டனில் பிடி என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் குழந்தைகள் மீதான வன்கொடுமைப் படங்களுக்கென்றே கிளீன்ஃபீட் என்ற வடிகட்டியை வைத்தது. வேறெதற்கும் இல்லை என்றுதான் பேச்சு. 2011இல் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் வழக்குப் போட, திருட்டுப் படங்களுக்கு வழிகாட்டிய நியூஸ்பின்2 என்ற தளத்தையும் அதே நுட்பத்தால் முடக்கும்படி லண்டன் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தீர்ப்பில் சட்டப்படி தவறில்லை, கருவிதான் தயாராக இருக்கிறதே, பயன்படுத்து என்ற தர்க்கம். குழந்தைகளில் ஆரம்பித்தது ஏழு வருஷத்தில் பதிப்புரிமைக்கு வந்துவிட்டது. கருவி இல்லாத ஊரில் அப்படி ஒரு உத்தரவைக் கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. நான் பார்த்த வரையில், பட்டியலில் சேர்ப்பதற்கு ஒரு கடிதம் போதும், நீக்குவதற்கு யாரும் கடிதம் எழுதியதே இல்லை. மூடிப்போன தளங்கள், கைமாறிப்போன டொமைன்கள் எல்லாம் வருஷக்கணக்கில் அதிலேயே கிடக்கும்.

துனிசியாவை மறக்க முடியாது. பென் அலி ஆட்சிக் காலத்தில் அங்கே முடக்கிய தளத்துக்குப் போனால் "முடக்கப்பட்டது" என்று வராது, 404 என்ற பிழைப்பக்கம் வரும், தளமே இல்லாத மாதிரி. மக்கள் அந்தக் கண்ணுக்குத் தெரியாத தணிக்கைக்காரனுக்கு அம்மார் 404 என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்தார்கள். 2011 ஜனவரியில் எழுச்சி உச்சத்தில் இருந்தபோது, ஃபேஸ்புக், ஜிமெயில் நுழைவுப் பக்கங்கள் போகும் வழியில் சில வரி நிரலைச் செருகிப் பயனர்களின் கடவுச்சொற்களைத் திருடினார்கள். வழியில் உட்கார்ந்து தடுக்க முடிந்தவனால் வழியில் உட்கார்ந்து படிக்கவும் முடியும், மாற்றவும் முடியும். "நான் தப்பு செய்யவில்லை, எனக்கென்ன" என்பவருக்கு என் பதில் இதுதான்: பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கும் கருவி குற்றவாளியின் பாக்கெட்டை மட்டும் பிரிப்பதில்லை. யாருடையது குற்றப் பாக்கெட் என்று தெரிந்துகொள்ளவே அது எல்லோருடையதையும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் மனித உரிமை உள்ளே வருகிறது. பலர் நினைப்பது போல "எதையும் தடுக்காதே" என்று எந்த மனித உரிமைச் சட்டமும் சொல்லவில்லை. 1948ஆம் வருஷத்து உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 19ஆம் பிரிவு, எந்த ஊடகம் வழியாகவும் எல்லைகளைப் பொருட்படுத்தாமல் தகவலைத் தேட, பெற, பரப்ப உரிமை உண்டு என்கிறது. 1966இல் ஐநா ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு அதே உரிமையைக் கொடுத்துவிட்டு, கட்டுப்படுத்தலாம் என்றும் சொல்கிறது, சில நிபந்தனைகளோடு. கட்டுப்பாடு சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும், பிறர் உரிமை, தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற நியாயமான காரணம் வேண்டும், அந்தக் காரணத்துக்கு அது உண்மையிலேயே தேவையானதாக, அளவுக்கு மீறாததாக இருக்க வேண்டும். ஐநா மனித உரிமைக் குழு 2011இல் இதையே இணையத்துக்கு விரித்துச் சொன்னது, தடை குறிப்பிட்ட உள்ளடக்கத்துக்குத்தான், ஒரு தளத்தையே பொத்தாம்பொதுவாகத் தடை செய்யக் கூடாது என்று.

அதே 2011இல் ஐநாவின் கருத்துச் சுதந்திரத்துக்கான சிறப்பு அறிக்கையாளர் ஃபிராங்க் லா ரூ கொடுத்த அறிக்கையில், குழந்தை ஆபாசத்தை முடக்குவது நியாயமான விதிவிலக்குதான் என்று ஒப்புக்கொள்கிறார். சட்டம் துல்லியமாக இருக்க வேண்டும், சுதந்திரமான ஓர் அமைப்பு மேற்பார்க்க வேண்டும் என்கிறார். அதோடு, முடக்கத்தோடு நின்றுவிடாமல் அந்தப் படங்களைத் தயாரிப்பவர்களையும் பரப்புபவர்களையும் பிடித்துத் தண்டியுங்கள் என்றும் அரசுகளைக் கேட்கிறார். குதிக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னவர்களின் குரல் இதுதான். எனக்கென்னவோ இது ரொம்ப நிதானமான பேச்சாகவே தெரிகிறது.

நீதிமன்றங்களும் இதே வழியில்தான் போயிருக்கின்றன. துருக்கியில் அந்த நாட்டை நிறுவிய அத்தாதுர்க்கை அவமதித்ததாக ஒரு தளத்தின் மேல் வழக்கு. அதை முடக்கப் போய் 2009இல் யாரும் தளம் அமைத்துக்கொள்ளக்கூடிய கூகுள் சைட்ஸ் சேவை முழுவதையும் அடைத்துவிட்டார்கள். அதே சேவையில் தன் ஆய்வுக் கட்டுரைகளை வைத்திருந்த அகமத் யில்திரிம் என்ற ஆராய்ச்சி மாணவர், எனக்கும் அந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுக்கொண்டே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2012 டிசம்பரில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. ரஷ்யாவில் கரிடோனோவ் என்பவரின் மின்பதிப்புச் செய்தித் தளம், போதைப்பொருள் சம்பந்தமான வேறொரு தளத்தோடு ஒரே ஐபி முகவரியில் இருந்த ஒரே பாவத்துக்காக முடங்கியது. 2020 ஜூனில் அவருக்கும் அதே நீதிமன்றத்தில் வெற்றி. முதல் வழக்குக்கு மூன்று வருஷத்துக்கு மேல், இரண்டாவதற்கு ஏழு வருஷத்துக்கு மேல். ஒரு சின்னத் தளத்துக்கு இந்தக் காத்திருப்பே மரண தண்டனைதான்.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு முடக்க அதிகாரம் கொடுக்கிறது. 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்தது, 69ஏவை விட்டுவைத்தது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், குழு ஆராய வேண்டும் என்ற பாதுகாப்புகள் அதில் இருக்கின்றன என்பதால். அதே சமயம் 2009ஆம் வருஷத்து விதிகளில் 16ஆவது விதி, புகார்களையும் எடுத்த நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. காரணம் எழுதப்பட்டிருக்கும், பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது. எழுதி என்ன பயன்?

ரகசியத்துக்கு ஒரு நியாயம் சொல்வார்கள், பட்டியலை வெளியிட்டால் அதுவே குற்றவாளிகளுக்கு விலாசப் புத்தகமாகிவிடும் என்று. குழந்தைகள் விஷயத்தில் இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முகவரியை மறைப்பது வேறு, யார் உத்தரவிட்டார், எந்தச் சட்டத்தில், எத்தனை தளங்கள், யாரிடம் முறையிடுவது என்பதையும் சேர்த்து மறைப்பது வேறு. பின்னதை மறைக்க எந்தக் குழந்தையின் பெயரும் தேவையில்லை.

அப்படியானால் எதையுமே முடக்கக் கூடாது என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. மோசடித் தளம், வைரஸ் பரப்பும் தளம் என்றால் தடுப்பது நல்லது. அதைப் பிரௌசரே செய்கிறது, விரும்பியவர் வடிகட்டும் டிஎன்எஸ் சேவையைத் தேர்ந்துகொள்ளலாம், பெற்றோர் குழந்தையின் போனில் போட்டுக்கொள்ளலாம். போக விரும்பாதவர்களுக்கு உதவ அவர்கள் சம்மதமே போதும், கட்டாயம் எதற்கு? கட்டாயமாக முடக்கியே ஆக வேண்டியது மிச்சமிருந்தால், முதலில் ஹோஸ்டிங் நிறுவனத்தை அழிக்கச் சொல்லிவிட்டு, நடக்காதபோது நீதிமன்ற உத்தரவோடு, குறிப்பிட்ட டொமைனுக்கு மட்டும், ஒரு காலக்கெடுவோடு முடக்கட்டும். கெடு முடிந்தால் தானாக நீங்க வேண்டும். ஐபி முகவரியை அடைப்பதை ஒருபோதும் ஏற்க மாட்டேன், அதைச் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2018இல் டெலிகிராமைப் பிடிக்கிறேன் என்று ரஷ்யா அமேசான், கூகுளுக்குச் சொந்தமான ஐபி முகவரிகளை ஒரு கோடிக்கும் மேல் அடைத்தது. சம்பந்தமில்லாத சேவைகள் படுத்தன, டெலிகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. 2020 ஜூனில் தடையை நீக்கிவிட்டார்கள்.

முடக்கிய பக்கத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம். 451 என்று இதற்கென்றே ஒரு நிலைக்குறி 2016 முதல் இருக்கிறது, சட்டக் காரணத்தால் இது கிடைக்காது என்று பொருள். அதோடு உத்தரவு எண்ணும் முறையீட்டு முகவரியும் போட ஒரு வரி கூடுதலாகத் தட்ட வேண்டும், அவ்வளவே.

ஒரு மாலை எனக்கு ஓர் அழைப்பு வந்தது. தன் தளம் எங்கள் இணைப்பில் மட்டும் திறக்கவில்லை, வேறு இணைப்பில் திறக்கிறது என்றார் அந்த மனிதர். தையல் வகுப்பு நடத்துபவர். தேடிப் பார்த்தேன், பட்டியலில் இருந்த ஒரு தளத்தோடு ஒரே ஐபி முகவரியில் இருந்தது அவர் தளம். "என்ன சார் பிரச்னை?" என்று மூன்று தரம் கேட்டார். அப்படி ஒரு பட்டியல் இருப்பதையே சொல்லக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. "டெக்னிக்கல் ஃபால்ட், பார்க்கிறோம்" என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

உங்கள் தளத்துக்கே இப்படி நடந்தால், முதலில் வேறு நிறுவனத்தின் இணைப்பிலும், டிஎன்எஸ்ஸை மாற்றியும் திறந்து பாருங்கள். டிஎன்எஸ் மாற்றியதும் திறந்தால் பெயரை அடைத்திருக்கிறார்கள், எதிலும் திறக்காவிட்டால் உங்கள் சர்வரே படுத்திருக்கலாம், சண்டைக்குப் போகும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓனி (OONI) என்ற தன்னார்வத் திட்டத்தின் செயலியில் முகவரியைக் கொடுத்தால் எந்த வகைத் தடை என்று ஓரளவு சொல்லும், தேதியோடு பதிவாகியும் இருக்கும். ஐபி முகவரியை அடைத்திருக்கிறார்கள் என்றால், அதில் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்று ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டு, தனி முகவரிக்கு மாறிவிடுங்கள். பெரும்பாலும் அன்றே திறந்துவிடும். அப்புறம் சேவை நிறுவனத்துக்கு எழுத்தில் எழுதி, எந்த உத்தரவின்படி என்று கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். போனை எடுப்பவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.